லேபிளில் வராத கன்றுக்குட்டி: ‘நனிசைவம்’ பற்றிச் சில குறிப்புகள்

வீகன் என்பதற்குத் தமிழில் ‘நனிசைவம்’ என்று ஒரு சொல் புழங்குகிறது. விக்கிப்பீடியாவில் இருக்கிறது, பத்திரிகைகளிலும் அவ்வப்போது வருகிறது. சொல்லாக்கமாகப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. நனி என்றால் மிகுதி. மிகுந்த சைவம், சைவத்தைவிடச் சைவம். ஆனால் இந்தச் சொல்லை எங்க ஊர் விராலிமலைக்குக் கொண்டுவந்து வைத்தால் மலையின் முதல் படியிலேயே தடுக்கி விழுகிறது. மிகுந்த சைவராக வாழ்கிற ஒருவர் வீட்டில் பால், தயிர், நெய் மூன்றும் தாராளமாகத்தான் இருக்கும். முருகனுக்குப் பாலபிஷேகம் உண்டு, பால்குடம் உண்டு, பால்காவடி உண்டு, பஞ்சகவ்யம் உண்டு. சைவம் நனியாக ஆக ஆகப் பால் கூடத்தானே வேண்டும், எப்படிக் காணாமல் போகும்? (இதே முருகனுக்கு எங்க ஊரில் சுருட்டும் படைப்பார்கள். அது சுத்த வீகன் என்பது தனிக்கதை.)

ஒரு சொல்லை வைத்து ஏன் இவ்வளவு வம்பு என்று கேட்கலாம். அந்தச் சொல் ஒரு தவறான படத்தை மனசில் போட்டுவிடுகிறது என்பதுதான் என் குறை. அசைவம், சைவம், நனிசைவம் என்று ஒரே ஏணியில் மூன்று படிகள், எல்லாமே சாப்பாட்டு விஷயம் என்று ஆகிவிடுகிறது. நான் பால் சாப்பிடுவதில்லை என்று சொன்னதும் ஊரில் வருகிற முதல் கேள்வி, ‘சேராதா? அலர்ஜியா?’ என்பதுதான். இரண்டாவது கேள்வி, ‘டாக்டர் சொன்னாரா?’ கேட்பவர்கள் மேல் தப்பில்லை. ஏணியில் இதற்கு வேறு காரணம் எழுதி வைக்கப்படவில்லை.

1944 நவம்பரில் டொனால்ட் வாட்சனும் சில நண்பர்களும் இங்கிலாந்தில் வீகன் சொசைட்டியைத் தொடங்கினார்கள். ‘வெஜிடேரியன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் தலையையும் வாலையும் ஒட்டவைத்து உண்டாக்கிய பெயர் அது. இன்று எல்லோரும் எடுத்துக்காட்டும் வரையறை அந்தச் சங்கம் 1979-இல் அறக்கட்டளையாகப் பதிவானபோது உருவானது. அதன் சாரம் இதுதான்: உணவுக்கோ உடைக்கோ வேறு எந்தத் தேவைக்கோ விலங்குகளைச் சுரண்டுவதையும் கொடுமைப்படுத்துவதையும், இயன்றவரை, நடைமுறைக்கு ஏற்றவரை, விலக்கி வாழ்வது. இதில் உணவு மூன்றில் ஒன்றுதான். ‘வேறு எந்தத் தேவைக்கோ’ என்பதற்குள் வேடிக்கை, விளையாட்டு, சங்கீதம், சாமி எல்லாம் வந்துவிடும். ‘இயன்றவரை’ என்பதற்குள் யார், எந்த ஊர், எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் வந்துவிடும். வரையறை விரிவானது. இங்கே வந்து சேர்ந்தபோது அது ஒரு பாக்கெட் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

அந்தப் பாக்கெட்டைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தியாவில் பச்சைப் புள்ளியும் பழுப்புப் புள்ளியும் 2001-இல் கட்டாயமாயின. அந்த விதியில் அசைவம் என்பதற்கான வரையறையைப் படித்தால் வேடிக்கையாக இருக்கும். விலங்கின் உடலோ உடலின் பகுதியோ, முட்டையோ, விலங்கிலிருந்து வரும் எந்தப் பொருளோ இருந்தால் அசைவம். ஆனால் பாலும் பால்பொருள்களும் நீங்கலாக. பிற்பாடு தேன், தேன்மெழுகு, மிட்டாய்க்கு மினுமினுப்புத் தரும் அரக்கு எல்லாம் நீங்கல் பட்டியலில் ஏறின. அரக்கு ஒரு பூச்சியின் சுரப்பு. அதற்கும் பச்சைப் புள்ளி. 2022-இல் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. வீகன் உணவுகளுக்கென்று தனி ஒழுங்குமுறை கொண்டுவந்தது. வி எழுத்தும் இலையுமாக ஒரு பச்சை லோகோ வந்தது. உற்பத்தியின் எந்தக் கட்டத்திலும் விலங்குப் பொருள் நுழையக் கூடாது, விலங்குப் பரிசோதனை கூடாது என்று கறாராகச் சொல்கிற விதி அது. நல்ல விதிதான். கடையில் நிற்கிறவனுக்கு உபயோகமான விதியும்கூட.

என் பிழைப்பு சாஃப்ட்வேர். எங்கள் வேலையில் ஒரு நிரல் எந்தெந்த நிரல்களைச் சார்ந்திருக்கிறது என்று மரம் மாதிரி ஒரு வரைபடம் எடுப்போம். வீகன் லோகோ செய்வது அந்த வேலையைத்தான்: உள்ளே என்னென்ன போச்சு என்று வேர்வரை தோண்டுகிறது. ஆனால் பாலில் பிரச்சினை உள்ளே போகும் பொருளில் இல்லை. கூடவே வெளியே வருகிற ஒன்றில், அதாவது கன்றில் இருக்கிறது. மாடு கன்று போட்டால்தான் பால். அந்தக் கன்று எந்தப் பொருளின் மூலப்பொருள் பட்டியலிலும் வராது. பச்சைப் புள்ளி பாலை மன்னித்துவிடுவதும், வீகன் லோகோ பாலைப் பட்டியலில் சேர்த்துத் தள்ளிவிடுவதும், இரண்டுமே கன்றைப் பற்றிப் பேசாமலே நடக்கிற காரியங்கள்.

எழுத்தைப் பிடித்துக்கொண்டு பொருளை விடுவது எவ்வளவு சுலபம் என்பதற்குக் காந்தியைவிட நல்ல உதாரணம் கிடையாது. பசுவையும் எருமையையும் வதைத்துக் கறக்கும் பூக்கா என்ற முறையைப் பற்றிக் கேள்விப்பட்டதும் ஒரு காரணமாக, 1912-இல் தென்னாப்பிரிக்காவில் அவர் பாலை விட்டார். வீகன் என்ற சொல் பிறக்க இன்னும் 32 வருஷம் இருந்தது. 1918-இல் கடுமையாக நோய்வாய்ப்பட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, கஸ்தூர்பா ஆட்டுப்பால் குடிக்கச் சொன்னார். விரதம் எடுத்தபோது மனசில் இருந்தது பசுவும் எருமையும்தானே என்ற சமாதானத்தோடு காந்தியும் குடித்தார். சத்தியத்தின் சொல்லைக் காப்பாற்றி அதன் உயிரை விட்டுவிட்டதாகப் பிற்பாடு சுயசரிதையில் அவரே வருந்தி எழுதியிருக்கிறார். ஓட்டையைக் கண்டுபிடித்தவரே அதை ஓட்டை என்று ஒத்துக்கொண்டதுதான் அதில் பெரிய விஷயம்.

தமிழில் வீகன் பேசுகிறவர்கள் காந்தியைவிட அதிகம் துணைக்கு அழைப்பது வள்ளுவரை. ‘புலால் மறுத்தல்’ அதிகாரத்தில் வாங்குகிறவன் இல்லாவிட்டால் விற்கிறவன் இருக்கமாட்டான் என்ற பொருளில் ஒரு குறள் இருக்கிறது, 256-ஆம் குறள். நுகர்வோர் பொறுப்பைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. ‘நான் கொல்லலையே, காசு குடுத்துத்தானே வாங்குறேன்’ என்கிற சாக்கை அது அங்கேயே மூடிவிடுகிறது. ஆனால் அதை வைத்து வள்ளுவரை வீகனாக்குவது நேர்மையான வாசிப்பு இல்லை. அவருக்குப் பாலோடு ஒரு தகராறும் இல்லை. காமத்துப்பாலில் பாலும் தேனும் கலந்த சுவை உவமையாக வருகிறது; பண்பில்லாதவன் செல்வத்துக்குத் திரிந்துபோன பால் உவமையாகிறது. அவர் விட்ட இடத்திலிருந்து அதே லாஜிக்கைப் பாலுக்கும் நீட்டலாம். நீட்டுவது நாம்தான் என்று சொல்லிவிட்டு நீட்ட வேண்டும்.

நிற்க. கடைக்குப் போவோம்.

இணையத்தில் கிடைக்கிற ‘வீகன் ஷாப்பிங்’ பட்டியல்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ எழுதப்பட்டவை, அல்லது அவற்றின் நகல்கள். சர்க்கரையை எலும்புக்கரி போட்டு வெளுக்கிறார்கள், ஜாக்கிரதை என்று எச்சரிக்கும். நம்ம ஊர் ஆலைகளில் பெரும்பாலும் சுண்ணாம்பும் கந்தகப் புகையும்தான், எலும்புக்கரி கிடையாது. பீரை மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையால் தெளிய வைக்கிறார்கள் என்று இன்னொரு எச்சரிக்கை. விராலிமலை வீகனுக்கு அந்தக் கவலை தேவையா சொல்லுங்கள். இங்கே கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: வெண்பொங்கலில் நெய் எவ்வளவு, பரோட்டா மாவில் பால் ஊற்றினார்களா, பிஸ்கட்டில் பால் பவுடர் இருக்கா, பி12 சத்து மாத்திரையா அல்லது ஜெலட்டின் உறை போட்ட கேப்சூலா. (பாலையும் விட்டவர்கள் பி12-ஐத் தனியாக எடுத்தே ஆகணும். இதில் வீர வசனம் வேண்டாம்.)

மிச்சத்துக்கு நம்ம ஊர்ச் சாப்பாடு லோகோ ஒட்டாத வீகன் சாப்பாடுதான். இட்லி, சாம்பார், சுண்டல், வேகவைத்த கடலை, பொரி, கடலைமிட்டாய். வீகன் என்றாலே புரதத்துக்கு என்ன செய்வாய் என்று கேட்கிற ஆட்களிடம் ஒன்று சொல்வேன். தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் நம்ம புதுக்கோட்டை மாவட்டத்தில் வம்பனில்தான் இருக்கிறது. வம்பன் உளுந்து ரகங்களைத் தெரியாத விவசாயி இந்தப் பக்கம் குறைவு. டப்பாவில் வரும் பாதாம் பாலும் ஓட்ஸ் பாலும் ஆவின் பாக்கெட்டைப் போலப் பல மடங்கு விலை. அதை வாங்கினால்தான் வீகன் என்று நினைத்தால் இது ஐ.டி. கம்பெனிக்காரன் பொழுதுபோக்காகவே முடிந்துவிடும். கடலையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து கொதிக்கவைத்தால் பால். டீக்குச் சரிப்படாது, மோருக்குப் பரவாயில்லை. டீக்கடையில் கடுங்காப்பி கேட்டால் மாஸ்டர் ஒரு தரம் முகத்தைப் பார்ப்பார், அப்புறம் போட்டுத் தருவார். அவ்வளவுதான் கஷ்டம்.

இவ்வளவு சுலபம் என்றால் ஏன் யாரும் விடவில்லை? இங்கேதான் என் அம்மாவை மேற்கோள் காட்ட வேண்டியிருக்கிறது. பாலை நிறுத்தியபோது அம்மா ஒன்றுதான் சொன்னார்: ‘கன்னுக்கு விட்டுட்டுத்தானே தம்பி கறந்தோம்.’ பச்சைப் புள்ளியைவிட, வீகன் லோகோவைவிட இது மேலான வாக்கியம் என்று நினைக்கிறேன். இதில் கன்று இருக்கிறது. வீட்டில் மாடு வைத்திருந்தவர்களுக்குப் பால் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி தெரிந்தே இருந்தது. ஒரு காம்பை விட்டுவிடுவது, கன்றை ஊட்ட விட்ட பிறகு கறப்பது என்று அதற்கு ஒரு பதிலும் வைத்திருந்தார்கள். காளைக்கன்றுக்கும் அந்தக் கணக்கில் இடம் இருந்தது. உழவுக்கு ஆகும், வண்டிக்கு ஆகும், கவலை இறைக்க ஆகும்.

இன்றைய கணக்கை 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் பார்க்கலாம். 2012-இல் இந்தியாவில் பசுக்கள் 12.30 கோடி, காளையும் எருதுமாக ஆண் மாடுகள் 6.79 கோடி. 2019-இல் பசுக்கள் 14.51 கோடி, ஆண் மாடுகள் 4.74 கோடி. ஏழு வருஷத்தில் பசுக்கள் 18 சதவீதம் கூடின, ஆண்கள் 30 சதவீதம் குறைந்தன. கன்றுகள் பாதிக்குப் பாதிதான் பிறக்கும். அப்படியிருந்தும் இன்று மூன்று பசுவுக்கு ஒரு ஆண்தான் கணக்கில் இருக்கிறது. டிராக்டர் வந்ததும் உழவுக்கு எருது வேண்டாம், உறைவிந்து ஊசி வந்ததும் பொலிகாளையும் வேண்டாம், ஜெர்சிக் கலப்பில் பிறந்த ஆண் கன்று எதற்குமே வேண்டாம். தேவையில்லாத கன்றுக்குப் பால் விடுவதும் தீனி போடுவதும் ரெண்டு மாடு வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவருக்குக் கட்டுபடியாகாது. அவரைக் குறை சொல்லி ஒரு புண்ணியமும் இல்லை. 256-ஆம் குறளின்படி முதல் கேள்வி வாங்குகிறவனுக்குத்தான். இப்போது பெண் கன்று மட்டுமே பிறக்கிற மாதிரி பிரித்தெடுத்த விந்து ஊசிக்கு அரசே மானியம் தருகிறது. ஆண் கன்று பிறந்து பட்டினி கிடப்பதற்குப் பிறக்காமலே இருப்பது நல்லதா? வரையறையை வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முயன்று பாருங்கள், சுற்றிச் சுற்றி வரும்.

இந்த எண்களோடு ஜல்லிக்கட்டைப் பார்க்க வேண்டும். 2014 மே 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2017 ஜனவரியில் மெரினா நிறைந்தது, சட்டத் திருத்தம் வந்தது. 2023 மே 18-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. நடுவில் 2019 ஜனவரி 20-ஆம் தேதி எங்க ஊர் வாடிவாசலில் 1353 காளைகள் அவிழ்த்துவிடப்பட்டு உலக சாதனை என்று அறிவித்தார்கள். அன்றைக்கே மாடு முட்டி இரண்டு பேர் செத்தார்கள்.

நான் வாடிவாசலுக்குப் போவதில்லை. மிரண்ட மாடு மிரண்ட மாடுதான். வாலை முறுக்குவதும் கூட்டமாக மேலே விழுவதும் அதற்கு விளையாட்டு இல்லை. மனுஷனும் சாகிறான். ‘வேறு எந்தத் தேவைக்கோ’ என்ற சொற்களுக்குள் இது நேராக வந்து உட்காருகிறது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஜல்லிக்கட்டை எதிர்த்த விலங்குநல எழுத்துகளைத் திரும்பப் படித்தால் ஒன்று உறுத்துகிறது. வருஷத்தில் சில நிமிஷம் வாடிவாசலில் நடப்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. அந்தக் காளை ஏன் உயிரோடு இருக்கிறது என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. அன்று விராலிமலைக்கு வந்த 1353 காளைகளும், அந்தச் சில நிமிஷத்துக்காக யாரோ வருஷம் முழுக்கப் பருத்திக்கொட்டையும் தவிடும் வைத்து வளர்த்தவை. அதே ஊரின் பால் மாடுகளுக்குப் பிறந்த ஆண் கன்றுகளுக்கு அப்படி யாரும் இல்லை. கொடுமைக்கு எதிராகப் பேசுகிறவர்கள் பெரிய எண்ணை விட்டுச் சின்ன எண்ணைப் பிடித்தார்கள். சின்ன எண் டி.வி.யில் தெரிகிறது, பெரிய எண் தெரியாது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் தோன்றவில்லை.

மறுபக்கமும் இதில் சளைத்ததில்லை. நாட்டு மாட்டைக் காக்கத்தான் ஜல்லிக்கட்டு என்று 2017-இல் மேடைக்கு மேடை முழங்கினோம். அந்த வருஷம் மார்ச் 1 முதல் கோக், பெப்ஸி விற்கமாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. வாங்குவதும் வாங்காமல் இருப்பதும் அரசியல் என்று தமிழ்நாட்டுக்கு அன்று நன்றாகவே தெரிந்திருந்தது. ஆனால் நாட்டுக் காளை இடத்தைப் பிடித்தது கோக் இல்லை, கலப்பின மாட்டுப் பால். டீக்கடையில் யாரும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

சங்கீதத்துக்கும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விராலிமலை சதிராட்டத்துக்குப் பேர்போன ஊர். முத்துக்கண்ணம்மாள் அவர்களுக்கு 2022-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சதிருக்கோ கச்சேரிக்கோ மிருதங்கம் இல்லாமல் முடியாது. மிருதங்கத்துக்கு மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் எருமைத்தோல் வாரும் இல்லாமல் முடியாது. இதை டி.எம். கிருஷ்ணா 2020-இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற புத்தகமாக எழுதியபோது, வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. சபா கேன்டீனில் வெங்காயம்கூட இல்லாமல் சமைக்கலாம்; மேடையில் இருக்கிற தோலுக்குப் புள்ளி ஒட்டுவதில்லை. செயற்கைத் தோல் மிருதங்கம் வந்திருக்கிறது, வாசிக்கிறார்கள். நாதம் அதேதான் என்று கேட்பவர்களும் இல்லை என்பவர்களும் உண்டு. நான் கச்சேரி கேட்பதை விடவில்லை. ‘இயன்றவரை’ என்ற சொல்லை எங்கே போய் நிறுத்துவது என்று கேட்டால், எனக்கு இப்போதைக்கு இங்கேதான் நிற்கிறது.

கடைசியாக மயில். விராலிமலை என்றாலே மயில்தான். 1972-ஆம் வருஷ வனவிலங்குச் சட்டம் மயிலை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. ஆனால் தானாக உதிர்ந்த இறகை உள்நாட்டில் விற்கத் தடையில்லை. உதிர்ந்த இறகு வீகனா என்று யாராவது கேட்டால், கொள்கையளவில் ஆம். அடிவாரக் கடையில் கட்டுக்கட்டாகத் தொங்குவது உதிர்ந்ததா பிடுங்கியதா என்று பார்த்துச் சொல்ல முடியாததால் நான் வாங்குவதில்லை. ஆனால் மயிலின் பெரிய பிரச்சினை இறகு இல்லை, கடலை. என் மோருக்கும் என் கடலைமிட்டாய்க்கும் வேண்டிய அதே நிலக்கடலை. விதைத்த அன்றே கிளறித் தின்னும், காய் பிடித்த பிறகும் வரும். நெல், மிளகாய் எதையும் விடாது. தமிழ்நாட்டில் விஷம் வைத்து மயில்கள் செத்த செய்திகள் அவ்வப்போது வருகின்றன. அப்படிக் காப்பாற்றப்பட்ட கடலையிலிருந்து எடுத்த எண்ணெயிலும் விலங்குப் பொருள் ஒரு துளிகூட இல்லை. லோகோ தாராளமாகக் கிடைக்கும்.

எங்க பக்கத்துக் காடுகளில் வரப்பைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டி வைத்திருப்பார்கள். காற்றில் ஆடுகிற துணியைப் பார்த்து மயில் கொஞ்ச நாள் ஒதுங்கும், அப்புறம் பழகிவிடும். பழகிய பிறகு விடிகாலையில் ஆள் போய்த் தகரத்தைத் தட்ட வேண்டும். விஷம் வைக்கலாமே என்று கேட்டால் ‘சாமி வாகனத்தையா?’ என்று திருப்பிக் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம்தான் நான் கடலை வாங்குகிறேன். படி இத்தனை ரூபாய் என்று பேரம் பேசாமல்.